ஒரு நொடியின் விலை: டர்போவும் ஆன்டிலேக்கும்

1977-ல் சில்வர்ஸ்டோனில் ரெனோ நிறுவனம் ஃபார்முலா 1 பந்தயத்தில் முதல் டர்போ காரை இறக்கியது. அடிக்கடி புகைவிட்டு நின்றுபோனதால் அதை "மஞ்சள் டீ கெட்டில்" என்று கேலி செய்தார்கள். ஆனால் 1979-ல் டிஜோனில் ரெனோ டர்போ முதலிடம் பிடித்தது!

டர்போ என்பது வேறொன்றுமில்லை. இன்ஜின் வெளியே தள்ளும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதோடு இணைந்த இன்னொரு சக்கரம் கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் அமுக்கும். சிக்கல் எங்கே? வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் வேகம் இழக்கிறது. மறுபடி மிதித்தாலும் சக்தி தாமதமாகத்தான் வரும். இதுதான் டர்போ லேக்.

மலைப்பாதை ராலியில் வளைவுக்கு வளைவு இதே தொல்லை. விடையாக வந்தது ஆன்டிலேக். த்ராட்டில் சென்சாரின் வயர் "கால் எடுத்தாயிற்று" என்று கணினிக்குச் சொல்லும். கணினி உடனே காற்று வழியைச் சற்றுத் திறந்து வைத்து, பிளக்கின் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். பெட்ரோல் சிலிண்டருக்குள் முழுதாக எரியாமல், வெளியேறும் குழாயில் 'டப் டப்' என்று வெடித்து டர்போவைச் சுழலவிடும்.

1990-களில் டொயோட்டா செலிகா, மிட்சுபிஷி லான்சர் போன்ற ராலி கார்களின் அடையாளமே இந்தச் சத்தம்தான். செலிகாவின் சாலை மாடலில்கூட இதற்கான பாகங்கள் இருந்தன. ஆனால் இயங்காத நிலையில். காரணம் எளிது. அந்த வெப்பத்தில் டர்போவின் ஆயுள் வேகமாகக் குறையும். பந்தய அணி புதிது மாட்டிக்கொள்ளும்; சொந்தக் காரில் ஆசைக்கு வயரிங் செய்பவர் என்ன செய்வார்?

2014 முதல் 2025 வரை ஃபார்முலா 1-ல் ஒரு மின்மோட்டாரே டர்போவைச் சுழற்றியது. வெடிச்சத்தம் இல்லை, செலவு மட்டும் குறையவே இல்லை.