சீட்டைக் கலைத்து மனதை அளந்தவர்கள்

1883-84 குளிர்காலம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு திரை. அதற்கு இந்தப் பக்கம் ஒருவர் விரலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கத்து ஆள் எடையைக் கூட்டியும் குறைத்தும் அந்த விரலை அழுத்துவார். முதலில் வந்த அழுத்தம் அதிகமா, அடுத்து வந்ததா? சில கிராம் வித்தியாசம்தான். ஆனால் பதில் சொல்லியே ஆகவேண்டும். "தெரியல" என்று நழுவ முடியாது. கூடவே, சொன்ன பதிலில் எவ்வளவு நிச்சயம் என்று 0 முதல் 3 வரை மதிப்பெண்ணும் போடவேண்டும்.

விரலும் எடையுமாக மாறி மாறி உட்கார்ந்தவர்கள் தத்துவவாதி சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸும் அவருடைய மாணவர் ஜோசப் ஜாஸ்ட்ரோவும். பியர்ஸ் அரசின் கடற்கரை அளவைத் துறையில் ஊசல்களை ஆட்டிப் புவியீர்ப்பை அளந்தவர். அளவையில் பிழை எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

அவர்கள் சோதிக்க நினைத்தது ஜெர்மானியர் குஸ்தாவ் ஃபெக்னரின் கருத்தை. உணர்வை அளக்கும் இயலுக்கு 1860இல் நூல் எழுதி அடித்தளம் போட்டவர் அவர். ஓர் எல்லைக்குக் கீழே போன வித்தியாசம் மனதுக்கு எட்டாது என்றார். அது உண்மையென்றால் அங்கே சொல்லும் பதிலெல்லாம் வெறும் குருட்டு யூகம். நூற்றுக்கு ஐம்பதுதான் சரியாக வரும்.

ஒரு சிக்கல். எடை போடுபவர் தன் இஷ்டத்துக்கு வரிசையை மாற்றினால், அவரையறியாமல் அதில் ஒரு ஒழுங்கு வந்துவிடும். எதிராளி எடையை விட்டுவிட்டு ஆளை யூகிக்கத் தொடங்கிவிடுவார். அதனால் 25 சீட்டுகளைக் கலைத்து வைத்துக்கொண்டார்கள். எது முதலில் என்பதைச் சிவப்பும் கறுப்பும் முடிவு செய்தன.

கணக்குப் பார்த்தபோது ஃபெக்னரின் எல்லை காணாமல் போனது. "எனக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று 0 போட்ட பதில்களிலும் ஏறக்குறைய ஐந்தில் மூன்று சரி! ஒன்றிரண்டு தடவை என்றால் அதிர்ஷ்டம் எனலாம். நூற்றுக்கணக்கான தடவை அப்படி அமையாது. ஆக, தன் மனதில் என்ன இருக்கிறது என்பதற்கு அந்த மனதுக்காரரின் வாக்குமூலம் மட்டும் போதாது. பெண்களின் உள்ளுணர்வுக்கும் 'டெலிபதி'க்கும்கூட இத்தகைய மெல்லிய உணர்வுகள் காரணமாகலாம் என்று இருவரும் எழுதினார்கள்.

அதே 1884இல் பியர்ஸின் பல்கலைக்கழக வேலை போனது. அதன்பிறகு நிரந்தரப் பேராசிரியர் பதவி அவருக்கு வாய்க்கவே இல்லை. சோதனை வரிசையைத் தற்செயலிடம் விடும் முறையைப் புள்ளியியல் மாணவர்கள் இன்று பெரும்பாலும் ரொனால்ட் ஃபிஷரின் பெயரோடு சேர்த்தே படிக்கிறார்கள். 1935இல் அவர் எழுதிய நூலில் வருவது, எட்டுக் கோப்பைத் தேநீரைத் தற்செயல் வரிசையில் சுவைக்கக் கொடுக்கும் சோதனை: பால் முதலில் விழுந்த நான்கையும் குருட்டாம்போக்கில் பிரித்துச் சொல்ல வாய்ப்பு 70இல் 1.

1970களில் பிரிட்டிஷ் உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் குழுவினரும் அதே கட்டாய யூகத்தைக் கையிலெடுத்தார்கள். மூளைப் பாதிப்பால் பார்வைப் புலத்தின் ஒரு பகுதியை இழந்த ஒருவர், அங்கே எதுவும் தெரியவில்லை என்றுதான் சொன்னார். யூகித்துக் காட்டச் சொன்னதும், ஒளி இருந்த இடத்தை நோக்கிக் கை நீண்டது.