செதாக்கா: எபிரேய மறைநூலில் நீதி

செதாக்கா என்பது, தமிழ் வேதாகமம் 'நீதி' என்று தரும் எபிரேயச் சொல். செதேக் இதன் ஆண்பால் வடிவம். நீதிமான் சதீக் எனப்படுவார். இவ்வேரில் பிறந்த சொற்கள் பழைய ஏற்பாட்டில் 500 தடவைக்கு மேல் வருகின்றன. மெல்கிசேதேக், யூதாவின் கடைசி அரசன் சிதேக்கியா ஆகியோரின் பெயர்களிலும் இவ்வேர் உண்டு.

லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கள்ளமில்லாத தராசையும் எடைக்கல்லையும் செதேக் என்ற அடையுடன் சொல்கிறது. ஆனால் நீதி என்பது ஓர் அளவுகோலுக்கு ஒத்துப்போவது மட்டுமே என்று கொண்டால் பல இடங்கள் விளங்காமல் போகும். ஜெர்மானிய இறையியலாளர் ஹெர்மன் கிரேமர், செதாக்கா உறவைச் சார்ந்தது என்றார். ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள் அந்தக் கடமைக்கு உண்மையாக நடந்துகொள்வதே நீதி என்பது அவர் விளக்கம். பழைய ஏற்பாட்டு அறிஞர் கெர்ஹார்ட் ஃபொன் ராட் 20ஆம் நூற்றாண்டில் இக்கருத்தைப் பரவலாக்கினார். படைப்பு முழுவதையும் தாங்கும் ஒழுங்கே செதேக் என்று மற்றோர் அறிஞர் ஹான்ஸ் ஹைன்ரிக் ஷ்மிட் 1968இல் எழுதினார்.

கிரேமரின் பக்கம் வலுவான சான்று ஆதியாகமம் 38இல் இருக்கிறது. தாமார் யூதாவின் மருமகள். அவனுடைய மகன்களான இரண்டு கணவர்களை அடுத்தடுத்து இழந்தவள். பிள்ளையின்றி இறந்தவனின் மனைவியை அவன் சகோதரன் மணக்கும் வழக்கப்படி, மூன்றாம் மகன் சேலாவை அவளுக்குக் கொடுக்க வேண்டிய யூதா, அவனும் செத்துவிடுவான் என்று பயந்து காலம் கடத்துகிறான். அவள் முக்காடிட்டு வழியோரம் உட்கார, அடையாளம் தெரியாமல் அவனே அவளிடம் போகிறான். அவளுக்குத் தரவேண்டிய கூலிக்கு ஈடாக முத்திரையையும் கைக்கோலையும் கொடுக்கிறான். மூன்று மாதம் கழித்து, கர்ப்பமான அவளைச் சுட்டெரிக்கச் சொல்கிறான். அப்பொருள்களை அவள் அனுப்பியதும், தன்னைவிட அவளே நீதியுள்ளவள் என்று ஒப்புக்கொள்கிறான். ஒழுக்க விதியை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்புக்கு இடமில்லை. குடும்பக் கடமையைக் காத்தவள் தாமார், கைவிட்டவன் யூதா; அதுவே இங்கே நீதியின் அளவு.

உபாகமம் 24 இன்னும் நுணுக்கமானது. ஏழையின் மேலாடையை அடகு வாங்கியவர், அவன் அதைப் போர்த்துத் தூங்கும்படி பொழுது சாயும்போது திருப்பித் தர வேண்டும்; அது அவருக்குச் செதாக்காவாகும். கடன் கொடுத்தவருக்குச் சட்டப்படி உள்ள உரிமையைக் குளிரில் நடுங்குபவனின் தேவை மிஞ்சிவிடுகிறது. நீதியும் இரக்கமும் எதிரெதிரானவை என்ற எண்ணத்துக்கு இங்கே வேலையே இல்லை.

கடவுளின் நீதியும் பெரும்பாலும் மீட்புச் செயலே. நியாயாதிபதிகள் 5இல் தெபொராளின் பாட்டு ஆண்டவரின் வெற்றிகளை இச்சொல்லின் பன்மையால் குறிக்கிறது. ஏசாயா 46, 51 ஆகிய அதிகாரங்களில் நீதியும் இரட்சிப்பும் இணைந்தே வருகின்றன. பிற்கால யூத வழக்கில் செதாக்கா ஏழைக்குக் கொடுப்பதைக் குறித்தது. 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் அதை எட்டுப் படிகளாக வகுத்து, ஒருவரைத் தம் காலில் நிற்கவைக்கும் உதவியை உச்சியில் வைத்தார்.

ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டதாகச் சொல்லும் ஆதியாகமம் 15:6 கிறிஸ்தவ இறையியலின் திருப்புமுனையானது. பவுல் அதை ரோமர் 4இல் செயல்களுக்கு முற்பட்ட விசுவாசத்துக்குச் சான்றாக்க, யாக்கோபு தம் நிருபத்தில் அதே வசனத்தைச் செயலோடு இணைத்துப் படித்தார். தண்டிக்கும் நீதி என்று தாம் அஞ்சியது கடவுள் அருளும் கொடையே எனக் கண்டுகொண்டதைச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1545இல் எழுதினார். இதையொட்டித் திருச்சபையில் எழுந்த பிளவின் மையக் கேள்வியான, மனிதர் கடவுள் முன் நீதிமானாவது எப்படி என்பதில், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் பொது உடன்பாட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன.