தொட்டிக்கு இறங்கி வந்த சின்னியா

அரசர்களுக்கும் போர்களுக்கும் வரலாறு உண்டு என்பதை யாவரும் ஒப்புவர். மண் தொட்டியில் பூத்து நிற்கும் ஒரு செடிக்கும் வரலாறு உண்டு என்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வீட்டு முகப்புகளில் நாம் காணும் சின்னியா என்னும் பூச்செடி, கண்டங்களைக் கடந்து, எண்ணற்ற தோட்டக்காரர்களின் கைபட்டு வந்து சேர்ந்ததாகும்.

சின்னியா என்று தமிழில் எழுதிய உடனே, சின்னஞ்சிறு செடியாதலால் இப்பெயர் வந்தது போலும் என்று எண்ணத் தோன்றும். ஒலி ஒப்புமை நம்மை ஏமாற்றுகிறது. ஜெர்மனியில் 1727ஆம் ஆண்டில் பிறந்த யோகான் காட்பிரீட் சின் என்னும் அறிஞரின் பெயரே இச்செடிக்கு வாய்த்தது. அவர் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும், அங்குள்ள தாவரத் தோட்டத்தின் தலைவராகவும் விளங்கினார். மனிதக் கண்ணின் அமைப்பைப் பற்றி 1755இல் அவர் வெளியிட்ட நூல் மருத்துவ உலகில் பெரும் புகழ் பெற்றது. கண்வில்லையைத் தாங்கி நிற்கும் நுண்ணிழைகள் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. 1759இல், 31 வயதே நிரம்பியிருந்தபோது, அவர் காலமானார். அதே ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் இச்செடியினத்துக்குச் சின்னியா என்று பெயரிட்டார்.

செடியின் தாயகமோ மெக்சிக்கோ. நம் சமையலறையின் மிளகாயும், துலுக்கச் சாமந்தி என்று நாம் வழங்கும் பூவும் பிறந்த நாடும் அதுவே. அங்கு வறண்ட சரிவுகளில், இரண்டு மூன்றடி உயரம் வளர்ந்து, ஊதாச் சாயல் கொண்ட ஒற்றைப் பூக்களைத் தாங்கி நின்ற காட்டுச் செடி இது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியத் தோட்டங்களை அடைந்தது. எனினும் நெடுங்காலம் எவரும் அதைப் பெரிதாகப் பாராட்டவில்லை.

மாறுதல் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. நாம் மல்லிகையிலும் செம்பருத்தியிலும் ஒற்றை, அடுக்கு என்று வேறுபாடு காண்கிறோம் அல்லவா? அவ்வாறே சின்னியாவிலும் அடுக்குப் பூக்கள் தோன்றின. 1860ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சு நாட்டில் பரவிய அடுக்குச் சின்னியா, இந்தியாவிலிருந்து சென்ற விதைகளில் முளைத்தது என்று அக்காலத் தோட்டக்கலை ஏடுகள் குறித்தன. மெக்சிக்கோவில் பிறந்த செடி, நம் நாட்டு மண்ணில் புதுக்கோலம் கொண்டு, மீண்டும் மேலைநாடு சென்றது என்பது எண்ணி மகிழத்தக்கது. ஆயினும் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. செடிக்குப் பெயர் தந்தவரின் பிறப்பும் இறப்பும் ஏடுகளில் உள்ளன. அடுக்குப் பூவைக் கண்டு, அதன் விதையைப் பொறுக்கி வைத்துப் பேணிய தோட்டக்காரரின் பெயர் உலகம் போற்றும் பெயர்களிடையே இல்லை. கைத்தொழிலாளரின் வரலாறு பெரும்பாலும் இத்தகையதே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பருமையே பெருமை என்று கருதப்பட்டது. 1920களில் கலிபோர்னியாவின் போட்ஜர் விதை நிறுவனத்தார் டேலியாவை நிகர்த்த பெரும்பூச் சின்னியாக்களை வெளியிட்டனர். 1931இல் இந்தியானா மாநிலம் இதைத் தன் மாநில மலராக ஏற்றது. 1957 வரை அப்பதவி நீடித்தது. அந்த நெடிய செடிகளுக்கு அகன்ற தோட்டம் வேண்டும். மாடியில் ஓர் அறையும் நான்கு முழத் தாழ்வாரமும் உடையவர் என் செய்வர்?

அவர்களுக்கு விடையாக வந்தவை குட்டை இனங்கள். அரையடி உயரமே வளரும் தம்பலினா 1963இல் அமெரிக்க விதைத் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றது. கட்டைவிரல் அளவே உடைய ஒரு கதைச் சிறுமியின் பெயர் அது. 1971இல் பரிசு பெற்ற பீட்டர் பான் என்னும் கலப்பினம், ஓரடிச் செடியில் பெரிய பூவைத் தாங்கிக் காட்டியது.

எனினும் சாம்பல் நோயும் இலைப்புள்ளி நோயும் சின்னியாவை விடாது துன்புறுத்தின. குறுகிய இலைகளுடைய மற்றொரு சின்னியா இனம் இந்நோய்களை எதிர்க்க வல்லது. ஆனால் அதையும் தோட்டச் சின்னியாவையும் கலந்தால் பிறக்கும் செடி மலடாயிற்று. நிறத்திரிகளை இரட்டிப்பாக்கி அம்மலட்டுத்தன்மையை நீக்கினர் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். இவ்விரு இனங்களின் சேர்க்கையில் ஜப்பானின் சகாட்டா நிறுவனம் உருவாக்கிய புரொபியூஷன் வகைகள் 1999இல் தங்கப் பதக்கம் பெற்றன. ஓரடி உயரம், நோய் தாங்கும் திறன், ஓயாத பூப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த செடி அது.

தொட்டிச் சின்னியாவின் வரலாற்றில் மிகச் சிறிய தோட்டம் வானில் அமைந்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வளர்த்த செடிகள் 2015 டிசம்பரில் ஈரம் மிகுந்து பூஞ்சணம் பற்றி வாடின, சில மடிந்தன. விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, வகுத்த அட்டவணையை விட்டுச் செடியின் நிலையைப் பார்த்து நீர் விடத் தொடங்கினார். 2016 சனவரியில் பூ மலர்ந்தது.

அப்பாடம் நமக்கும் பொருந்தும். எட்டு அங்குல ஆழமுள்ள, அடியில் துளையுள்ள தொட்டி போதும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் கலந்து நிரப்புக. வேர் அசைவதை இச்செடி விரும்பாதாகலின், தொட்டியிலேயே நேராகக் கால் அங்குல ஆழத்தில் விதைத்தல் நலம். நாள்தோறும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். நீரை இலைமேல் தெளிக்காமல் அடியில் விடுக. மேல்மண் காய்ந்த பின்பே மீண்டும் விடுக. வாடிய பூவைக் கிள்ளினால் புதிய மொட்டு வரும். தில்லியில் குளிர் நீங்கியதும் விதைக்கலாம். மும்பையில் பெருமழை தணிந்த பின் விதைப்பது நன்று. தாயைப் போலப் பிள்ளை என்பது கலப்பின விதைக்குப் பொருந்தாது. அதன் விதையில் முளைப்பவை பலவாறாக இருக்கும். விதை எடுத்துவைக்க விரும்புவோர் தம்பலினா போன்ற கலப்பற்ற வகையை நாடுக.

பிறந்த மண்ணை விட்டு வந்த ஒரு செடி, வந்த இடத்தின் அளவுக்குத் தன் உயரத்தைக் குறைத்துக் கொண்டது; நிறத்தைக் குறைத்துக் கொள்ளவில்லை. அடுத்த முறை நம் தொட்டியில் அது பூக்கும்போது, விதையைப் பேணி வைத்த அப்பெயரறியாத் தோட்டக்காரரையும் ஒருகணம் நினைப்போமாக.