லினக்ஸ் இல்லம் புகுந்த வரலாறு

வெளியூரில் குடியேறும் தமிழர் வாடகை வீடு தேடுங்கால், சுவரின் வண்ணத்தை மட்டும் கண்டு முன்பணம் கொடுத்துவிடுவதில்லை. வீட்டுக்காரர் எத்தகையவர், கூரை ஒழுகினால் வந்து பார்ப்பாரா, அண்டை அயலில் உதவிக்கு ஆள் உண்டா என்றெல்லாம் கேட்டறிந்த பின்னரே பால் காய்ச்சுகின்றனர். வீட்டுக் கணிப்பொறிக்கு இயங்குதளம் தேர்வதற்கும் இக்கேள்விகளே பொருந்தும். 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்தின் பொதுப் பராமரிப்பு முடிவுற்றது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத பழைய பொறிகளை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொறியைப் பழைய பொருள் வாங்குவோரிடம் போடுவதா, லினக்ஸை நிறுவிக்கொள்வதா என்னும் வினா நம் காலனியில் பல வீடுகளில் எழுந்துள்ளது. லினக்ஸ் என்றதும், "எந்த லினக்ஸ்?" என்ற மறுவினாவும் உடன் வருகின்றது. அவை இத்தனையாகப் பெருகிய வரலாற்றை அறிந்தால் தேர்வு எளிதாகும் எனக் கருதியே இதனை வரைகின்றோம்.

1983 ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க முழுமையான இயங்குதளம் ஒன்றை ஆக்கும் 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். கருவிகள் பல ஆயின. பொறியோடு நேரே உறவாடும் 'கெர்னல்' என்னும் உட்கரு மட்டும் கைகூடவில்லை. 1991 ஆகஸ்டு 25 அன்று, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரும் அப்பொழுது இருபத்தோரு வயதினருமான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஆக்கிவரும் உட்கருவைப் பற்றி அறிவித்தார். அடுத்த ஆண்டே அதனை ஸ்டால்மனின் பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். எவரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம்; ஆனால் வழங்குவோர் மூலநிரலையும் அதே உரிமையோடு தரல் வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் சாரம். பிற்காலப் பெருக்கத்திற்கெல்லாம் வித்து இவ்விதியே.

நெல் மட்டும் வீட்டில் இருந்தால் சோறு ஆகிவிடாது. உட்கருவையும் கருவிகளையும் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, நிறுவுதற்கு ஏற்ற வடிவில் தருவோர் தேவைப்பட்டனர். அவ்வாறு தரப்படும் தொகுப்பே 'வழங்கல்' எனப்படுவது. 1992 இல் பீட்டர் மெக்டொனால்டு வெளியிட்ட எஸ்.எல்.எஸ். என்னும் வழங்கல் பரவலாக ஏற்கப்பட்டது. எனினும் குறைகள் மலிந்திருந்தது. அக்குறைகளைக் களையப் புகுந்த பாட்ரிக் வோல்கெர்டிங், 1993 ஜூலையில் 'ஸ்லாக்வேரை' வெளியிட்டார். அதே அதிருப்தியால் உந்தப்பெற்ற இயன் மர்டாக், அடுத்த திங்களே 'டெபியனைத்' தொடங்கினார். தம் துணைவியாகவிருந்த டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அவர் இட்ட பெயர் அது. ஒரு தொகுப்பின் குறை இரண்டு தொகுப்புகளை ஈன்றது!

முதல் ஸ்லாக்வேர் இருபத்துநான்கு பிளாப்பித் தகடுகளில் அடங்கியது. இருபத்து மூன்றாம் தகடு பழுதானால் முன்னையவற்றை நுழைத்த உழைப்பெல்லாம் பாழ். வன்தட்டைப் பிரிவுகளாக்கும் வேலையையும் இல்லத்தாரே கட்டளை தட்டிச் செய்தல் வேண்டும். திரையின் அதிர்வெண்களையும் தாமே குறித்துக் கொடுத்தல் வேண்டும். நம் நாட்டிலோ இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதே 1995 ஆகஸ்டு 15 அன்றுதான். தொலைபேசிக் கம்பி வழியே, அதிகபட்ச வேகத்தில், ஒரு குறுந்தகட்டின் அளவைத் தருவிக்க ஒரு நாளைக்கு மேலாகும். அதுவரை தொலைபேசிக் கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே கணிப்பொறி இதழ்களுடன் இணைத்து வந்த குறுந்தகடுகளே பல இந்திய இல்லங்களுக்கு லினக்ஸைக் கொணர்ந்தன.

அத்தகைய தகடு ஒன்றால் நாம் பட்ட பாட்டையும் மறைக்க வேண்டுவதில்லை. "முழு வட்டையும் பயன்படுத்துக" என்ற ஒற்றை வரிக்கு இசைவு தெரிவித்தோம். வேறு பிரிவில் வைத்திருந்த நம் தந்தையாரின் கடிதங்களும், சொந்த ஊர்த் திருமணப் படங்களும் சில நிமிடங்களில் மறைந்தன. பிழை வழங்கலுடையது அன்று, நம்முடையதே. ஆயினும் அன்று முதல், படிகளை வேறோர் வட்டில் எடுத்து, அவற்றை ஒருமுறை திறந்து பார்த்த பின்னரன்றி எவர் வீட்டிலும் நிறுவலுக்கு நாம் கை வைப்பதில்லை.

இவ்வச்சத்தைப் பெரிதும் தணித்தது, 2000 ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கிளாஸ் நாப்பர் வெளியிட்ட 'நாப்பிக்ஸ்'. குறுந்தகட்டிலிருந்தே இயங்கி, வன்தட்டைத் தொடாமல் தன்னைக் காட்டும் வழங்கல் அது. 2004 அக்டோபரில் மார்க் ஷட்டில்வொர்த்தின் ஆதரவில் தோன்றிய 'உபுண்டு', கேட்டவர்க்குத் தகடுகளைத் தபாலில் இலவசமாகவே அனுப்பியது; 2011 வரை அவ்வழக்கம் நீடித்தது. இன்று பென் டிரைவ் ஒன்றே போதும். அதிலிருந்து ஒரு வாரம் இயக்கி, ஒலி, கம்பியில்லா இணைப்பு, அச்சுப்பொறி ஆகியவை இசைகின்றனவா எனச் சோதித்த பின் நிறுவலாம்.

இனி வீட்டுக்காரர் பற்றிய கேள்விக்கு வருவோம். இல்லத்தார் பலர் நம்பியிருந்த 'ரெட் ஹாட் லினக்ஸ்' 2003 இன் ஒன்பதாம் பதிப்போடு நின்றது. அந்நிறுவனம் வணிக நிலையங்களுக்கான வழங்கலில் கருத்தைச் செலுத்தியது. எளிமைக்குப் பெயர்பெற்ற 'மாண்ட்ரேக்' 'மாண்ட்ரிவா' ஆயிற்று. அதன் நிறுவனமும் 2015 இல் கலைக்கப்பட்டது. தன்னார்வலர் தாமே தலைவரைத் தேர்ந்து நடத்தும் டெபியனோ முப்பதாண்டைக் கடந்தும் நிற்கின்றது. பதின்மூன்றாம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. உபுண்டுவும் அதன் வழிவந்த 'மின்ட்டும்' அதன் கால்வழியினவே. இல்லத்திற்கு இக்குடும்பத்தையே நாம் பரிந்துரைப்போம். உபுண்டுவில், ஈராண்டுக்கொருமுறை வந்து ஐந்தாண்டு பராமரிக்கப்படும் நெடுங்காலப் பதிப்பைக் கொள்க. பக்கத்து வீட்டு இளைஞர் வேறொன்றில் தேர்ந்தவரெனின் அதனையே கொள்ளினும் தவறில்லை. நள்ளிரவில் திரை இருண்டால் கைகொடுப்பவர் அவரேயன்றோ!

தமிழகத்திற்கு வெளியே பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு மற்றொரு கேள்வியும் உண்டு. லினக்ஸ் பிறந்த 1991 இலேயே யூனிகோடு முதற்பதிப்பில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால் எழுத்துகள் திரையில் ஒழுங்காகத் தோன்ற நெடுநாள் பிடித்தது. 2004 இல் 'லோஹித்' எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்தில் கிடைத்தன. 2007 இல் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியனைத் தழுவி, இந்திய மொழிகளுக்கு இடமளித்த 'பாஸ்' வழங்கலை வெளியிட்டது. டெபியனின் பழைய நிறுவல் திரை வெற்றெழுத்துத் திரை. 'கோ' என எழுதக் ககரத்தின் இருபுறமும் குறியிட அதனால் இயலாது. 2007 ஏப்ரலில் வந்த நான்காம் பதிப்பு வரைகலைத் திரையைக் கொணர்ந்தபின், இவ்வகை எழுத்துகளுக்கும் நிறுவலில் வழி திறந்தது.

சென்ற திங்கள் பத்தாண்டுப் பழமையான பொறி ஒன்றில் அத்திரையை நாம் திறந்தபோது, இந்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் வேகத்தில் தமிழைப் படிக்கவியலாத சிறுமி ஒருத்தி அருகில் இருந்தாள். மொழிப் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டே கீழிறங்கி, 'தமிழ்' என்ற இடத்தில் நிறுத்தி, "இதுதானே நம்முடையது?" என்றாள். தமிழ்99 விசைப்பலகையையும் அவ்வமர்விலேயே சேர்த்துக் கொடுத்தோம்.