எலெக்ட்ரீஷியன் படிக்கும் புரோகிராம்

பி.எல்.சி. (புரோகிராமபிள் லாஜிக் கண்ட்ரோலர்) வகுப்பின் முதல் நாளில் நான் லேப்டாப்பைத் திறப்பதில்லை. 1968-இல் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருஷம் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, அதாவது கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்கிற பிரிவு, வெளிக் கம்பெனிகளிடம் ஒரு கோரிக்கை வைத்தது. எங்கள் மெஷின்களை ஓட்டுகிற ரிலே பேனல்களுக்குப் பதிலாக ஓர் எலெக்ட்ரானிக் கருவி வேண்டும், யார் செய்து தருகிறீர்கள் என்று. எட்வர்ட் கிளார்க் என்ற எஞ்ஜினியர் எழுதிய அறிக்கைதான் அதற்கு அடிப்படை.

ரிலே பேனலில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கோரிக்கையின் அவசரம் உடனே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய மெஷின் ஒன்றுக்கு ஆளுயர பீரோ மாதிரிப் பேனல்கள் வரிசையாக நிற்கும். உள்ளே நூற்றுக்கணக்கில் ரிலேக்கள். காயிலுக்குக் கரண்ட் வந்தால் சேருகிற காண்டாக்ட், பிரிகிற காண்டாக்ட் என்று ஒவ்வொன்றிலும் பல ஜோடி. டிரில் எப்போது இறங்க வேண்டும், கிளாம்ப் எப்போது விட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒயரிங்கிலேயே இருக்கிறது. வேலை வரிசையை மாற்ற வேண்டுமென்றால் ஒயரைத்தான் கழற்றி மாட்ட வேண்டும். அமெரிக்கக் கார் கம்பெனிகளோ வருஷா வருஷம் மாடல் மாற்றுகிறவர்கள். பழைய பேனலைத் திருத்துவதைவிட அப்படியே கழித்துக் கட்டிவிட்டுப் புதிதாகச் செய்வது பல சமயம் லாபமாக இருந்தது. பிரேக்டவுன் வந்தால் அதைவிடத் தொல்லை. ஏதோ ஒரு காண்டாக்டின் முனையில் கரி பிடித்திருக்கும். அது எந்த ரிலே என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு ஷிஃப்ட் போய்விடும்.

கோரிக்கையை வென்றது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் என்ற சிறிய கம்பெனி. டிக் மார்லி அங்கே இருந்தார். 1968 ஜனவரி 1 அன்றே இப்படியொரு கருவிக்கான குறிப்பை அவர் எழுதி வைத்திருந்தார். 1969-இல் கருவி தயாரானது. கம்பெனியின் எண்பத்து நான்காவது புராஜெக்ட் என்பதால் அதற்கு 084 என்று பெயர். அதை விற்பதற்காக மோடிகான் என்ற தனிக் கம்பெனியையே தொடங்கினார்கள். ஃபேன் கிடையாது, ஆன்-ஆஃப் சுவிட்ச்கூடக் கிடையாது. எண்ணெயும் தூசியும் வெப்பமும் உள்ள இடத்தில் நிற்க வேண்டிய பெட்டி அது. ஜெனரல் மோட்டார்ஸில் ஏறக்குறைய இருபது வருஷம் ஓடி ஓய்வுபெற்ற ஒரு 084-ஐ அவர்கள் பிறகு மோடிகானுக்கே கொடுத்தார்கள். இருபது வருஷம் ஓடிய எலெக்ட்ரானிக் பெட்டியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை வருகிறது.

ஆனால் 084-இன் உழைப்பைவிட அதன் மொழியைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். அதே காலத்தில் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கம்பெனியின் பி.டி.பி.-14-உம் களத்தில் இருந்தது. அதன் நினைவகத்தில் பதித்ததைத் தொழிற்சாலையில் வைத்து மாற்ற முடியாது. மோடிகான்காரர்கள் எலெக்ட்ரீஷியனின் கையில் ஏற்கெனவே இருந்த படத்தையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கம் இரண்டு செங்குத்துக் கோடு, அவை சப்ளை. நடுவில் படிகள். ஒவ்வொரு படியிலும் காண்டாக்ட்கள், கடைசியில் ஒரு காயில். ரிலே டிராயிங் படிக்கத் தெரிந்தவன் அந்தப் புரோகிராமையும் படிப்பான். இரவு ஷிஃப்டில் மெஷின் நின்றால் பேனலைத் திறக்கப்போகிறவன் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல, எலெக்ட்ரீஷியன்தான் என்று கருவியைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொழிலாளி ஏற்கெனவே கற்றதை மதித்து ஒரு புதிய கருவி வந்த சம்பவம் தொழில் வரலாற்றில் அபூர்வம். என் பாடம் முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது.

பிறகு வந்தவை வேகமாக வந்தன. ஆலன்-பிராட்லி பி.எல்.சி. என்ற பெயரையே நிலைநாட்டியது. 1979-இல் சீமென்ஸ் எஸ்-5 வந்தது, அதே வருஷம் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மோட்பஸ் வந்தது. 1993-இல் புரோகிராம் மொழிகளுக்கு சர்வதேசத் தரம் வகுத்தபோது ஐந்து மொழிகளில் ஒன்றாக இந்தப் படி மொழியான லேடரும் இடம்பிடித்தது.

எங்கள் பக்கத்துக்குப் பி.எல்.சி. வெளிநாட்டு மெஷின்களோடு வந்து சேர்ந்தது. நான் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் முடித்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்த காலத்தில் ஸ்டார்-டெல்டா, ஃபார்வர்டு-ரிவர்ஸ் என்ற மோட்டார் இணைப்புகள் எல்லாமே ரிலேயும் காண்டாக்டரும்தான். பி.எல்.சி. இருந்த மெஷினை கம்பெனிக்காரர் வந்தால்தான் திறப்பார்கள். புரோகிராம் போடுவதற்கென்றே தனிப் பெட்டி உண்டு, அதைப் பூட்டி வைத்திருப்பார்கள். கற்றுக்கொண்டோம் என்றால், சர்வீஸுக்கு வந்தவருக்குப் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்துக் கற்றுக்கொண்டதுதான்.

அந்த நாட்களின் ஒரு பாடம் ஆயுத பூஜையோடு சேர்ந்தே எனக்கு ஞாபகம் வரும். பழைய பி.எல்.சி.க்களில் புரோகிராம் ரேமில் இருக்கும். சப்ளை போனால் அதைக் காப்பது ஒரு சின்ன பேட்டரி. ஒரு தொழிற்சாலையில் பூஜைக்காக மெயினை ஆஃப் செய்து, மெஷினைத் துடைத்து, சந்தனம் வைத்து, மாலை போட்டு, லீவு முடிந்து வந்து சுவிட்சைப் போட்டார்கள். பி.எல்.சி. வெறுமையாக விழித்தது. பேட்டரி விளக்கு பல மாதமாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. எப்ராம் சிப்பில் எடுத்து வைத்த பிரதி ஸ்டோர் அலமாரியில் இருந்ததால் பிழைத்தார்கள். பேட்டரியைச் சப்ளை இருக்கும்போதே மாற்ற வேண்டும் என்பதை என் மாணவர்கள் நோட்டில் எழுதுவதில்லை, பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுகிறார்கள்.

1991-க்குப் பிறகு நிலைமை மாறியது. மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், அவற்றைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள். 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தபோது பி.எல்.சி. தெரிந்த ஆளுக்கு நல்ல கிராக்கி. கிண்டியிலும் அம்பத்தூரிலும் தனியார் பயிற்சி மையங்கள் முளைத்தன. பல பையன்களின் வாழ்க்கையை அவை தூக்கிவிட்டன, மறுக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலான இடங்களில் பாடம் திரைக்குள்ளேயே முடிந்தது. சிமுலேஷனில் மோட்டார் பச்சையாக மாறினால் சான்றிதழ்.

திரைக்குள் கற்றவன் எங்கே தடுக்குவான் என்று ஒன்றைக் காட்டுகிறேன். ஸ்டார்ட் பட்டன், ஸ்டாப் பட்டன், ஒரு மோட்டார். இதைவிட எளிய பாடம் கிடையாது. ஸ்டாப் பட்டனை இயல்பாக மூடியிருக்கும் காண்டாக்டில், அதாவது என்.சி.யில்தான் ஒயர் செய்கிறோம். ஒயர் அறுந்தாலும் மெஷின் நிற்க வேண்டும் என்பதற்காக. புதிதாக வருகிற பையன் புரோகிராமிலும் என்.சி. குறியையே போடுவான்.

"சார், ரெண்டும் என்.சி.தான் போட்டேன். மோட்டார் எடுக்கவே மாட்டேங்குது."

"இன்புட் கார்டுல அந்த லைட்டப் பாரு தம்பி. எரியுதா?"

"பட்டனை அமுக்கவே இல்ல சார், எரியுது."

"அப்போ பி.எல்.சி.க்கு அங்க கரண்ட் வந்துகிட்டே இருக்கு. கரண்ட் வந்தா திறந்துக்கற குறியை நீ போட்டிருக்க. படி எப்படி முழுசாகும்?"

புரோகிராமில் இருப்பது பட்டனின் படம் இல்லை, இன்புட்டில் கரண்ட் இருக்கிறதா என்ற கேள்வி. என்.ஓ. குறி, அதாவது இயல்பாகத் திறந்த காண்டாக்டின் குறி, "இருக்கிறதா?" என்று கேட்கிறது, என்.சி. குறி "இல்லையா?" என்று கேட்கிறது. இது ஒயரைத் தொட்டவனுக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கும். தொடாதவன், மோட்டார் ஓட வேண்டுமே என்று புரோகிராமைத் தொடாமல் பட்டனை என்.ஓ.வாக மாற்றிவிடுவான். சிமுலேஷனும் பச்சை காட்டும். பிறகு ஒருநாள் ஸ்டாப் ஒயர் அறுந்திருக்கும்போது யாரோ ஒருவர் அந்தப் பட்டனை அமுக்குவார், மெஷின் நிற்காது. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறது. உயரட்டும்.

பழுது பார்ப்பதும் இதே வழிதான். சென்சாரில் விளக்கு எரிகிறது, இன்புட் கார்டில் எரியவில்லை என்றால் நடுவிலுள்ள ஒயரைப் பார். கார்டில் எரிகிறது, திரையில் அந்த முகவரி மாறவில்லை என்றால் கார்டைச் சந்தேகி. அவுட்புட் விளக்கு எரிந்தும் சோலனாய்டு இழுக்கவில்லை என்றால் ஃபியூஸ், டெர்மினல், பிறகு காயில். புரோகிராம் கடைசி. நேற்றுவரை ஓடிய மெஷினில் புரோகிராம் தானாகக் கெடுவது அரிது. லிமிட் சுவிட்சின் கை வளைவதும், கேபிள் தேய்வதும்தான் தினசரி நடப்பவை.

ரிலே தெரிந்தவனுக்கும் இங்கே புதிதாகக் கற்க ஒன்று உண்டு. பேனலில் ரிலேக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பி.எல்.சி. இன்புட்களை வாசித்து, படிகளை ஒவ்வொன்றாக முடித்து, கடைசியில் அவுட்புட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி தொடங்குகிறது. ஒரே காயிலை இரண்டு படிகளில் எழுதினால் பிறகு வருவதுதான் நிற்கும், முதல் படி வீண்.

2022-இல் தமிழக அரசு டாட்டா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில் 4.0 மையங்களாக்கும் வேலையில் இறங்கியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு ரோபோவைத் தொட்டுப் பார்க்கிற வாய்ப்பு கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அங்கே சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களிடம் நான் கேட்பது, பழைய ரிலே பேனலைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள் என்பது. ஸ்டார்-டெல்டாவை முதலில் அதில் ஒயர் செய்யட்டும். பிறகு அதையே பி.எல்.சி.யில் எழுதட்டும். அதன்பின் மாணவர் இல்லாத நேரத்தில் நீங்கள் ஒரு ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, மல்டிமீட்டரையும் டிராயிங்கையும் மட்டும் கொடுத்து உள்ளே அனுப்புங்கள்.