கல்லெழுத்தில் கலைமகளிர்

திருக்கோயில் வழிபாட்டுக்கே அன்றி இசைக்கும் கூத்துக்கும் உறைவிடமாய்த் திகழ்ந்தது. அங்குப் பணியாற்றிய மகளிர்க்கு முன்னோர் அளித்த மதிப்பு யாது என்பதனை, பாலசமுத்திரத்துக் குடமுழுக்குக்குப் பொருளும் உழைப்பும் ஈந்த மெய்யன்பர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன், பிற கோயில்களினின்றும் ஆடல் மகளிர் 400 பேரைக் கொணர்ந்து குடியேற்றினான். கல்வெட்டு அவர்களைத் தளிச்சேரிப் பெண்டுகள் என்று குறிக்கின்றது. ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் உரியவாயின. பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். அங்கே திருப்பதியம் விண்ணப்பித்த ஆடவராகிய பிடாரர் 48 பேரும் நாள்தோறும் தலைக்கு மூன்று குறுணி பெற்றனர். பன்னிரண்டு குறுணி ஒரு கலமாதலின், இஃது ஆண்டுக்கு ஏறத்தாழ 90 கலமாகும். நட்டுவர்க்கு இரு பங்கு உண்டாயினும், ஆடிய மகளிர் பாடிய ஆடவரிற் குறைந்து பெற்றாரல்லர்.

நெல்லினும் சிறந்தது பெயர். எத்தெரு, எச்சிறகு, எத்தனையாம் வீடு, எக்கோயிலினின்று வந்தவர் என்னும் விவரத்தோடு ஒவ்வொருவர் பெயரையும் மன்னன் கல்லில் வெட்டுவித்தான். கொடையாளர் பெயர் பொறிப்பது யாண்டும் உண்டு. பணிமகளிர் பெயர் பொறித்தது அரிதன்றோ!

எனினும் அப்பிடாரர் வரிசையில் ஒரு பெண்ணும் இல்லை. தேவாரப் பதிகங்களுக்குப் பண் வகுத்தளித்தவரோ, திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணி என்று திருமுறைகண்ட புராணம் கூறும். பண் தந்தவர் பெண். பாடுமிடம் ஆடவர்க்கே எனில், அம்முறை பொருந்துமோ?

பிற்காலத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் இழிவுற்று, மகளிர் பலர்க்குத் தளையாயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் அரிதின் முயன்றதன் பயனாக, 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. அது செய்யத்தக்க அறமே. ஆயின் கோயிலில் ஆடலும் அதனோடு நின்றது. ஓதுவார், நாதசுரத்தார் பணிகள் ஆடவர்பால் நிலைத்தன. தீமை நீங்கியபோது மகளிர்க்குரிய பணியிடமும் உடன் நீங்கிற்று.

அக்குறை இப்போது தீர்ந்துவருகின்றது. 2021ஆம் ஆண்டு சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் திருக்கோயிலில் பெண்மணி ஒருவர் ஓதுவாராக அமர்த்தப்பெற்றார்.

அன்பர்காள்! இசைக்கென அறக்கட்டளை நிறுவுங்கால், பாடுவார் ஆணோ பெண்ணோ என நோக்காது தகுதியையே நோக்குமின். ஒத்த பணிக்கு ஒத்த ஊதியம் வழங்குமின். தங்குவதற்குக் காவலுள்ள இல்லமும் அமைமின். நும் பெயர் பொறிக்கும் கல்லில் அவர்தம் பெயர்க்கும் ஓர் இடம் அளிமின். இறைவன் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.