ஒரு மருந்துச் சீட்டு எத்தனை முறை செல்லும்?



பழைய மருந்துச் சீட்டைக் காட்டியும் மருந்தகத்தில் மருந்து தர மறுக்கின்றனரே என்று மாணவர் ஒருவரின் தாயார் அண்மையில் என்னிடம் வருத்தப்பட்டார். இதே கேள்வி அமெரிக்காவில் காங்கிரஸ் மன்றம் வரை சென்ற வரலாறு சுவையானது.

1937இல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்த ஒரு சல்ஃபா மருந்தை, டையெத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுத் திரவத்தில் கரைத்திருந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அதன் விளைவாக 1938இல் புதிய மருந்துச் சட்டம் பிறந்தது. ஆயினும் எம்மருந்துக்குச் சீட்டு வேண்டும் என்பதை அச்சட்டம் தெளிவாக வரையறுக்கவில்லை. ஒரே மருந்தை ஒரு நிறுவனம் சீட்டுக்கு மட்டும் என்று விற்க, மற்றொன்று எவருக்கும் விற்றது! ஒரு முறை எழுதிய சீட்டைக் கொண்டு பார்பிட்டுரேட் தூக்க மாத்திரைகளை மீண்டும் மீண்டும் வாங்கியவர்களும் இருந்தனர். அளவு மிஞ்சினால் அம்மாத்திரை மூச்சையே நிறுத்திவிடும்.

ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் சல்லிவன் என்னும் மருந்து வணிகர், முறையான எச்சரிக்கைச் சீட்டு ஒட்டிய பெரிய புட்டியிலிருந்து சல்ஃபாதயசோல் மாத்திரைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகச் சிறு பெட்டிகளில் இட்டு, எச்சரிக்கை ஏதுமின்றி விற்றார். கூட்டரசுச் சட்டம் சில்லறைக் கடைக்குள்ளும் செல்லும் என 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு மாத்திரைகளுக்கு உச்ச நீதிமன்றமா என்று வியக்கத் தோன்றும். ஆனால் அத்தீர்ப்புக்குப் பின் எந்த மருந்தகமும் இச்சட்டத்தை ஒதுக்கிவிட இயலவில்லை.

1951 அக்டோபரில் அதிபர் ட்ரூமன் கையொப்பமிட்ட டர்ஹாம்–ஹம்ஃப்ரி திருத்தம் எல்லையை வரைந்தது. கார்ல் டர்ஹாம், பின்னர் துணை அதிபரான ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஆகிய இருவருமே மருந்தாளர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. கடையின் நடைமுறை அவர்களுக்குத் தெரியும். பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்துகளும், மருத்துவரின் மேற்பார்வையின்றிப் பயன்படுத்தத் தகாத மருந்துகளும் சீட்டின்றித் தரப்படலாகா. மருத்துவரின் அனுமதியின்றி அதே சீட்டுக்கு மறுமுறையும் தரலாகாது. எனினும் அவ்வனுமதியை மருத்துவர் தொலைபேசியிலும் கூறலாம். மருந்தாளர் அதனை உடனே எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். நள்ளிரவில் நோயாளியோடு தவிக்கும் குடும்பத்துக்கு இது எத்துணை பெரிய உதவி!

1970இல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் மேலும் இறுக்கியது. இரண்டாம் அட்டவணை மருந்துகளுக்கு மறுமுறை என்பதே இல்லை. மூன்றாம், நான்காம் அட்டவணை மருந்துகளுக்குச் சீட்டு எழுதிய நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள், ஐந்து முறை வரை மட்டுமே.